எமக்குப் பிடித்தவருக்கு வெளிநாடு உதவி செய்தால்?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் எமது மஹல்லா வாட்ஸ்அப் குழுமத்தில் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது, ஒரு வேட்பாளர் வெளிநாடொன்றின் கையாள், அவருக்கு அங்கிருந்து பணம் வருகிறது என்பது. குழுமம் கொதித்தது. "நாட்டை விற்கப் பார்க்கிறான்" என்று நானாமார் எழுதினார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு படம் வந்தது. வேறொரு வேட்பாளர் முஸ்லிம் நாடொன்றின் தலைவரோடு கைகுலுக்குகிறார். அந்த நாடு இவர்தான் வர வேண்டும் என்று விரும்புகிறதாம், வந்தால் உதவிகள் கொட்டுமாம். இந்தத் தடவை யாரும் கொதிக்கவில்லை. "மாஷா அல்லாஹ்" வரிசையாக விழுந்தது. அந்தப் படம் எப்போதோ நடந்த வேறொரு வைபவத்தில் எடுத்தது என்று ஒரு தம்பி போட்டார். அவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இந்தக் கதையை அடுத்த நாள் தரம் 11 குடியியல் பாடத்தில் சொன்னோம். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்.

"சேர், அப்ப நமக்குப் பிடிச்ச ஆளுக்கு வெளிநாடு உதவி செஞ்சா அதும் பிழையா?"

வகுப்பே சிரித்தது. எமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மணி அடிக்கும் வரை ஒழுங்கான பதில் ஒன்று சொல்ல முடியவில்லை என்பதுதான் உண்மை. கல்வியியற் கல்லூரியில் ஜனநாயகத்தின் பண்புகள் என்று மனனம் செய்து எழுதினோமே, அதில் இதற்குப் பதில் இல்லை. பிறகு வீட்டுக்கு வந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குவோம். ஏனென்றால் இந்த விடயம் ஆவணங்களோடு வெளியில் வந்தது அங்கேதான். அதிலே எம்மைப் போன்றவர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு சம்பவமும் இருக்கிறது.

2016 மே 21ஆம் திகதி டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் உள்ள இஸ்லாமிய தஃவா நிலையத்துக்கு வெளியே இரண்டு கூட்டங்கள் நேருக்கு நேர் நின்றன. ஒரு பக்கம் டெக்சாஸ் இஸ்லாமியமயமாவதை நிறுத்து என்று வந்தவர்கள். மறுபக்கம் இஸ்லாமிய அறிவைப் பாதுகாப்போம் என்ற அழைப்பும் அவர்களுக்கு எதிராகத் திரண்டவர்களும். நடுவில் பொலிஸார். முதலாவது கூட்டத்தை அழைத்தது 'ஹார்ட் ஒஃப் டெக்சாஸ்' என்ற முகநூல் பக்கம். இரண்டாவதை அழைத்தது 'யுனைட்டட் முஸ்லிம்ஸ் ஒஃப் அமெரிக்கா' என்ற முகநூல் பக்கம். முதல் பக்கத்துக்கு இரண்டரை இலட்சம் பேரளவில் பின்தொடர்ந்தார்கள். மற்றதற்கு மூன்று இலட்சத்துக்கும் மேல்.

இரண்டு பக்கங்களையும் நடத்தியது ஒரே நிறுவனம். ரஷ்யாவின் சென்ட் பீட்டர்ஸ்பேர்க் நகரில் இருந்த ஒரு அலுவலகம். இதை 2017 நவம்பர் 1ஆம் திகதி அமெரிக்க செனட் சபையின் புலனாய்வுக் குழு பகிரங்க விசாரணையில் வெளிப்படுத்தியது. குழுவின் தலைவர் ரிச்சர்ட் பர், ட்ரம்ப்பின் குடியரசுக் கட்சிக்காரர். இந்த இரண்டு கூட்டங்களுக்கும் ரஷ்யர்களுக்குச் செலவானது ஏறத்தாழ 200 டொலர் என்று அவர் சொன்னார்.

200 டொலர்! எமது ஊரில் ஒரு வேட்பாளர் ஒரு நாள் பிரசாரத்தில் செலவழிப்பது அதைவிடக் கூடவாக இருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'யுனைட்டட் முஸ்லிம்ஸ் ஒஃப் அமெரிக்கா' என்ற பெயரில் உண்மையான அமைப்பொன்று கலிபோர்னியாவில் இருந்தது. அந்தப் பெயரைத் திருடித்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தார்கள். அதை லைக் செய்த, பகிர்ந்த எத்தனையோ முஸ்லிம்கள் தங்கள் சமூகத்துக்காகக் குரல் கொடுக்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். நாம் அந்த நாட்டில் இருந்திருந்தால் நாமும் பகிர்ந்திருப்போம். சந்தேகமே இல்லை.

2018 மார்ச்சில் திகனயில் எமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது முகநூலில் என்ன நடந்தது என்பது எமக்கு ஞாபகம் இருக்கிறது. அரசாங்கம் சமூக ஊடகங்களையே சில நாட்கள் முடக்கியது. இரண்டு வருடம் கழித்து, 2020 மே மாதத்தில், பேஸ்புக் நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. அது வெளிநாட்டுக் கை என்று நாம் சொல்லவில்லை. அது எமது நாட்டுக்குள்ளேயே முளைத்த விஷம். ஆனால் அந்த வெடிப்பு அங்கே ஏற்கனவே இருந்தது. வெளியிலிருந்து வருகிறவன் புதிதாக எதையும் உடைக்க வேண்டியதில்லை, இருக்கிற வெடிப்பில் 200 டொலரைச் செருகினால் போதும். ஹூஸ்டனில் அதைத்தான் செய்தார்கள்.

சரி, வெளிநாடு இப்படிச் செய்தது. அந்த நாட்டின் தலைவர் என்ன செய்தார்?

2018 ஜூலை 13ஆம் திகதி, விசேட விசாரணையாளர் ரொபர்ட் மல்லர் ரஷ்ய இராணுவப் புலனாய்வு அதிகாரிகள் 12 பேருக்கு எதிராகக் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தார். ஜனநாயகக் கட்சியின் கணினிகளை ஊடுருவி மின்னஞ்சல்களைத் திருடி வெளியிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. சரியாக மூன்று நாள் கழித்து, ஜூலை 16ஆம் திகதி, ட்ரம்ப் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் புட்டினோடு ஒரே மேடையில் நின்றார். ஒரு ஊடகவியலாளர் நேராகவே கேட்டார்: உங்கள் புலனாய்வுத் துறை ஒன்று சொல்கிறது, புட்டின் இன்னொன்று சொல்கிறார், நீங்கள் யாரை நம்புகிறீர்கள்?

புட்டின் மிகப் பலமாக மறுக்கிறார், ரஷ்யாவாக இருப்பதற்கு எந்தக் காரணமும் தனக்குத் தெரியவில்லை என்றார் ட்ரம்ப். சொந்த நாட்டின் அதிகாரிகள் ஒரு பக்கம், அந்நிய நாட்டின் தலைவர் ஒரு பக்கம். உலகமே பார்த்துக்கொண்டிருக்க அவர் அந்நியரின் பக்கம் சாய்ந்தார். அதே மேடையில் புட்டினிடமும் ஒரு கேள்வி வந்தது. ட்ரம்ப் வெல்ல வேண்டும் என்று விரும்பினீர்களா? ஆம் என்றார் புட்டின். மறைக்கவே இல்லை.

அடுத்த நாள் வாஷிங்டன் திரும்பிய ட்ரம்ப் ஒரு விளக்கம் கொடுத்தார். தான் சொல்ல வந்தது "ரஷ்யாவாக இல்லாமல் இருப்பதற்கு" காரணம் தெரியவில்லை என்பதாம். ஒரு சொல் தவறிவிட்டதாம். எமது மாணவர்கள் விடைத்தாளில் "இல்லை" என்ற சொல்லை விட்டுவிட்டு வந்து புள்ளி கேட்பது நினைவுக்கு வந்தது.

இரண்டு மாதம் கழித்து நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். 2018 செப்டம்பர் 26ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையில் அதே ட்ரம்ப் எழும்பி, நவம்பரில் வரும் அமெரிக்கத் தேர்தலில் சீனா தலையிட முயற்சிக்கிறது, நாங்கள் வெல்வதை அவர்கள் விரும்பவில்லை என்று குற்றம் சாட்டினார். ஆதாரம் எதையும் அங்கே அவர் வைக்கவில்லை. ஜூலையில் புலனாய்வுத் துறை ஆதாரத்தோடு சொன்னதை நம்பாதவருக்கு, செப்டம்பரில் ஆதாரமே தேவைப்படவில்லை.

தலைவர்களுக்கு வெளிநாட்டுக் கை எப்போது கண்ணுக்குத் தெரியும் என்பது எமக்கு இந்த இடத்தில்தான் விளங்கியது. அந்தக் கை அவர்களை அடிக்கும்போது மட்டும் தெரியும். முதுகைத் தடவிக் கொடுக்கும்போது தெரியவே தெரியாது.

நியாயமாகப் பேசுவதென்றால் ஒபாமாவையும் சொல்ல வேண்டும். 2016இல் ஜனாதிபதியாக இருந்தவர் அவர்தான். செப்டம்பரில் சீனாவில் நடந்த ஜி20 மாநாட்டில் புட்டினிடம் தனியாக இதை நிறுத்தும்படி சொன்னதாக அவரே பிறகு சொன்னார். ஒக்டோபர் 7ஆம் திகதி இரண்டு அரச நிறுவனங்களின் பெயரில் ஒரு அறிக்கை வந்தது. ஜனாதிபதி மக்கள் முன் வந்து பேசவில்லை. தன் கட்சி வேட்பாளருக்காகத்தான் இதைக் கிளப்புகிறார் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். 35 ரஷ்ய அதிகாரிகளை அவர் நாடு கடத்தியது டிசம்பர் 29ஆம் திகதி. தேர்தல் முடிந்து ஏழு வாரத்துக்குப் பிறகு. பரீட்சை முடிந்து பெறுபேறும் வந்த பிறகு மண்டபத்தைப் பூட்டியது போல. ட்ரம்ப்போடு அவரைச் சமப்படுத்த மாட்டோம். ஒருவர் மறுத்தார், மற்றவர் தயங்கினார். ஆனால் வாக்களித்தவனுக்கு இரண்டிலும் தேவையான நேரத்தில் உண்மை கிடைக்கவில்லை.

பிரான்சின் மெக்ரோன் 2017 மே 29ஆம் திகதி வெர்சாய் மாளிகையில் அதே புட்டினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரஷ்ய அரசின் ஆர்டி, ஸ்புட்னிக் ஊடகங்கள் தேர்தலின்போது தன்னைப் பற்றிப் பொய்ப் பிரசாரம் செய்தன என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய பிரசார அணியின் மின்னஞ்சல்கள் வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு திருடி வெளியிடப்பட்டிருந்தன. தைரியம்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அடி வாங்கியவர். அடி வாங்கியவர் கத்துவதில் பெரிய சோதனை இல்லை. உதவி பெற்றவர் "இந்த உதவி எனக்கு வேண்டாம், இதை விசாரியுங்கள்" என்று சொல்ல வேண்டும். நாம் தேடிப் பார்த்த வரையில் அப்படி ஒரு தலைவர் கிடைக்கவில்லை.

இதை ஆசிரியர் அறையில் பேசியபோது ஒரு நண்பர் சொன்னார்: "அமெரிக்காவுக்கு நல்லா வேணும். அவங்க மத்த நாடுகளுக்குச் செஞ்சதுதானே!" எமது சமூகத்தில் பலருடைய மனநிலையும் இதுதான் என்பதால் இதைத் தாண்டிப் போக முடியாது.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1953இல் ஈரானில் பிரதமர் முஸத்திக்கைக் கவிழ்த்ததில் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் பங்கு இருந்தது. அமெரிக்காவே பிற்காலத்தில் ஒப்புக்கொண்ட விடயம் அது. 1948 இத்தாலித் தேர்தலில் சீஐஏ பணம் கொடுத்தது. 1964இல் சிலி நாட்டுத் தேர்தலில் எடுவார்டோ ஃப்ரேயின் பிரசாரச் செலவில் பாதிக்கு மேல் சீஐஏயின் பணம். இதை 1970களில் கண்டுபிடித்து வெளியிட்டதும் அமெரிக்க செனட் சபையின் குழுவொன்றுதான்.

ஆனால் அந்த நண்பரிடம் நாம் கேட்டோம். சிலியில் 1964இல் ஏமாற்றப்பட்டது யார்? வரிசையில் நின்று வாக்குப் போட்ட ஒரு சாதாரண ஆசிரியன், ஒரு தையல்காரி. ஹூஸ்டனில் 2016இல் ஏமாற்றப்பட்டது யார்? தன் பள்ளிவாசலைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பிய ஒரு முஸ்லிம். சீஐஏ செய்த பாவத்துக்கு அந்த முஸ்லிம் ஏன் கடன் அடைக்க வேண்டும்? நண்பர் தேநீரைக் குடித்துவிட்டு "சரி சரி" என்றார். முழுதாக ஏற்றுக்கொண்டாரா தெரியாது.

இப்போது எமது வீட்டுக்கு வருவோம். இங்கேதான் கை நடுங்குகிறது. ஆனாலும் பத்திரிகைகளில் வந்ததைத்தான் சொல்கிறோம்.

2015 ஜனவரி 8ஆம் திகதி மஹிந்த ராஜபக்ஷ தோற்றார். இரண்டு மாதம் கழித்து ஹொங்கொங் பத்திரிகையொன்றுக்கு அவர் கொடுத்த பேட்டியில், அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இந்தியாவின் 'றோ' அமைப்பும் தனக்கு எதிராக வேலை செய்தன என்றார். வெளிநாட்டுக் கை அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

2018 ஜூன் 25ஆம் திகதி, அதாவது ஹெல்சிங்கிக்கு மூன்று வாரம் முன்பு, நியூயோர்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கட்டிய சீனக் கம்பனியின் கணக்கிலிருந்து, அதே 2015 தேர்தலில் ராஜபக்ஷவின் பிரசாரத்தோடு சம்பந்தப்பட்டவர்களுக்குக் குறைந்தது 76 இலட்சம் டொலர் போனதாக அந்தச் செய்தி சொன்னது. ராஜபக்ஷ அடியோடு மறுத்தார், சேறு பூசும் முயற்சி என்றார். கம்பனியும் மறுத்தது. எந்த நீதிமன்றத்திலும் இது நிரூபிக்கப்படவில்லை, எனவே நாமும் தீர்ப்புச் சொல்லவில்லை. எமக்குக் கவலை தந்தது வேறு விடயம். அவருடைய அணியைச் சேர்ந்த பாராளுமன்ற உறுப்பினர்கள் ஊடகச் சந்திப்பு வைத்து, அந்தச் செய்திக்கு உதவிய இலங்கை ஊடகவியலாளர்களைக் குறிவைத்துப் பேசினார்கள். பணம் வந்ததா இல்லையா என்ற கேள்வி காணாமல் போனது. கேள்வி கேட்டவன் யார் என்பதுதான் பேச்சாகியது. வாஷிங்டனிலும் இதே பாட்டுத்தான் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது ஆட்சியில் இருந்தவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? அந்தப் பத்திரிகைச் செய்தியை வைத்துப் பாராளுமன்றத்தில் சத்தம் போட்டார்கள். தேர்தலுக்கு எங்கிருந்து பணம் வருகிறது என்று வேட்பாளர்கள் கணக்குக் காட்ட வேண்டும் என்ற சட்டத்தை அவர்கள் கொண்டுவரவில்லை. அது வந்தது 2023இல்தான். தேர்தல் செலவுகளை ஒழுங்குபடுத்தும் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். வெளிநாட்டு அரசாங்கங்களிடமிருந்தும் வெளிநாட்டுக் கம்பனிகளிடமிருந்தும் வேட்பாளர்கள் பணம் பெறக் கூடாது என்று அது சொல்கிறது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். 2024 ஜனாதிபதித் தேர்தல் இந்தச் சட்டத்தின் கீழ்தான் நடந்தது. எமது குழுமத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறோம். இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு செய்தியாவது அதில் வந்த ஞாபகம் எமக்கு இல்லை. நாமும் போடவில்லை. ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்த விடயத்தில் நாம் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும். "வெளிநாட்டுச் சதி", "வெளிநாட்டுப் பணம்" என்று மேடையில் ஒரு தலைவர் ஆதாரமில்லாமல் கத்தும்போது, கீழே நிற்கிறவன் தேடுவது தூதரகத்தை அல்ல. பக்கத்துத் தெருவில் அந்நியனாகத் தெரிகிறவனைத்தான் தேடுகிறான். இந்த நாட்டில் அது யார் என்று நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பள்ளிவாசல் கட்டினால் அரபுப் பணம். பிள்ளைகள் அபாயா போட்டால் அரபுக் கலாசாரம். பேரீச்சை மரம் நட்டால் அதற்கும் ஒரு கதை. 2019க்குப் பிறகு எமது சகோதரி ஆசிரியைகள் பஸ்ஸில் ஏறியபோது பார்த்த பார்வைகளை மறந்துவிட்டோமா? அந்தப் பழியைச் சுமந்தவர்கள் நாம். அப்படியிருக்க, எமக்குப் பிடிக்காத வேட்பாளரை "அந்த நாட்டின் கையாள்" என்று ஆதாரமே இல்லாமல் பகிர எமக்கு எப்படி மனம் வருகிறது? சூரா ஹுஜுராத்தின் ஆறாவது வசனத்தை வைத்து எத்தனை ஜும்ஆப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம்!

வெளிநாட்டுத் தலையீடு என்று யாரும் பேசவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அது உண்மையில் நடக்கிறது, ஹூஸ்டன் நடந்தது. ஆனால் ஹூஸ்டனை வெளிக்கொண்டு வந்தது ஒரு தலைவரின் சத்தம் அல்ல. ஆளும் கட்சிக்காரரே தலைமை வகித்த ஒரு குழு, கணக்குகளையும் விளம்பரங்களையும் பணம் செலுத்திய விபரங்களையும் எடுத்துவைத்துச் சொன்னது. ஹெல்சிங்கியில் ட்ரம்ப் அப்படிப் பேசிய அன்றே, அவர் நியமித்த தேசிய புலனாய்வுப் பணிப்பாளர் டான் கோட்ஸ், ரஷ்யா தலையிட்டது என்பதில் எங்கள் முடிவு தெளிவானது என்று எழுத்தில் அறிக்கை விட்டார். பதவி கொடுத்தவருக்கு எதிராக. எமது நாட்டில் அப்படி ஒரு அதிகாரி அறிக்கை விட்டால் அடுத்த நாள் எங்கே இருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். (கோட்ஸும் அடுத்த வருடம் பதவியை விட்டுப் போனார் என்பது வேறு கதை.)

அடுத்த பாடவேளையில் அந்த மாணவனை எழுப்பிப் பதில் சொன்னோம். "பிழைதான் மகன். பிடிச்ச ஆளா இருந்தா இன்னும் பெரிய பிழை. ஏனென்டா அப்ப அதைக் கேள்வி கேக்கிறதுக்கு ஆள் இருக்க மாட்டாங்க." அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப சேர் குறூப்புல அந்தப் படத்துக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டான்.

நாம் ஒன்றும் போடவில்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தோம். அந்தத் தம்பி தனியாகச் சொன்னபோது அவருக்கு ஒரு ஆதரவு வார்த்தைகூட எழுதவில்லை. வகுப்பில் அதை அப்படியே சொன்னோம். பிள்ளைகள் சிரிக்கவில்லை.

அன்று இரவு அந்தப் பழைய செய்தியைத் தேடி எடுத்து, அதற்குக் கீழே "இந்தத் தம்பி சொன்னது சரி, படம் பழையது" என்று எழுதினோம். தேர்தல் முடிந்து விட்டிருந்தது. இரண்டு பேர் பார்த்து லைக் போட்டார்கள். ஒரு நானா தனியாக அழைத்து, "ஏன் தம்பி முடிஞ்சதக் கிளறுறீங்க?" என்றார்.

இதில் திகதிகளில், விபரங்களில் பிழை இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், திருத்திவிடுகிறோம்.